முதலில் எழுந்து வருபவருக்கே முதல் மரியாதை

(தொலைக்காட்சி அரங்கில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டம். ஒரே லயத்தில் பிறந்து, ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்து, ஒரே திடலில் பந்து உதைத்து வளர்ந்த ஏழு பேர். தோட்டம் செம்பனையாக மாறியது. பிறகு ஒரு பகுதி வீடமைப்புத் திட்டமாக மாறியது. எழுவரும் ஏழு திசைக்குப் போனார்கள். ஒருவர் லோரி ஓட்டுகிறார். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஒருவர் கிள்ளானில் தொழிற்சாலை மேற்பார்வையாளர். ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்து திரும்பியவர். எல்லாரும் ஐம்பதைக் கடந்தவர்கள். ஆண்டுக்கு ஒருமுறை தீபாவளி விடுமுறையில் ஈப்போவில் சந்திக்கிறார்கள். உணவகத்தில் சாப்பிட்டு, பில்லுக்கு யார் பணம் கட்டுவது என்று செல்லச் சண்டை போட்டு, கலைந்து விடுகிறார்கள்.

இந்த ஆண்டு ஈப்போக்காரருக்கு ஒரு யோசனை. "சாப்பாடு மட்டும் வேணாம்டா. எல்லாரும் சுடுதண்ணிக் குளத்துல உட்கார்ந்து பேசுவோம். சவுனாவும் இருக்கு" என்று வாட்சாப்பில் செய்தி போடுகிறார். ஆறு பேரும் உடனே சம்மதிக்கிறார்கள்.

இது கற்பனைக் குழுதான். ஆனால், இப்படிப்பட்ட குழு நேயர்கள் பலருக்கும் இருக்கும். நல்ல யோசனைதான், உடம்புக்கும் இதம், மனத்துக்கும் இதம். ஆனால் விருந்துக்கு அழைப்பவருக்கு உணவைப் பற்றிய பொறுப்பு இருப்பதுபோல, வெப்பத்துக்கு அழைப்பவருக்கு உயிரைப் பற்றிய பொறுப்பு இருக்கிறது. அந்தப் பொறுப்பு என்ன என்பதே இன்றைய உரை.

மலை காய்ச்சித் தரும் நீர்

பேராக் மக்கள் ஒரு வகையில் கொடுத்து வைத்தவர்கள். வெந்நீருக்காக வெளிநாடு போக வேண்டியதில்லை. ஈப்போவுக்கு அருகே தம்புன், சிம்பாங் பூலாய் பக்கம் லுபோக் தீமா, தெற்கே சுங்காய் அருகில் சுங்கை கிளா, இன்னும் தெற்கே உலு சிலிம் என்று மாநிலம் முழுக்க வெந்நீர் ஊற்றுகள் உண்டு.

இங்கே எரிமலை கிடையாது. பிறகு எப்படி நீர் கொதிக்கிறது? மலைத்தொடரில் பெய்யும் மழைநீர் கருங்கல் பாறையின் வெடிப்புகள் வழியே பூமியின் ஆழத்துக்கு இறங்குகிறது. ஆழம் கூடக் கூட வெப்பமும் கூடும். அங்கே சூடேறிய நீர் வேறொரு வெடிப்பின் வழியாக மேலே வந்து விடுகிறது. மலையே அடுப்பு, பாறையே பானை.

தம்புன் சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில் 2004-இல் திறக்கப்பட்ட லோஸ்ட் வோர்ல்டு ஆஃப் தம்புன் உல்லாசத் தலத்தில் இந்த ஊற்று நீர் குளங்களில் விடப்பட்டிருக்கிறது. அதன் பக்கத்தில் பின்னர் வந்த பஞ்சாரான் விடுதியில் சுண்ணாம்புக் குகை ஒன்றையே நீராவி அறையாக்கி இருக்கிறார்கள். ஆக, குழுவாகப் போய் வெப்பத்தில் உட்காரும் பழக்கம் இங்கே வந்து சேர்ந்து சில காலமாகிறது. அதற்குரிய ஒழுங்குதான் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

வெப்பம் தோட்டத்துக்குப் புதிதல்ல

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வெப்பத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சளி பிடித்தால் பாட்டி நொச்சி இலையோ வேப்பிலையோ போட்டுக் கொதிக்க வைத்து, போர்வையால் மூடி வேது பிடிக்க வைப்பார். பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு வலி தீர வெந்நீர் ஊற்றுவார்கள். பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரப் பெண்கள் மூலிகை ஆவியில் உட்கார்ந்து எழுவதை பெர்தாங்காஸ் என்பார்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலைச் சொல்லவே வேண்டாம்.

இன்னொரு வெப்பமும் தோட்டத்தில் இருந்தது. பாலை உறைய வைத்து, உருளையில் கொடுத்துச் சீட்டாக்கி, அதைப் புகைக்கூடத்தில் தொங்க விடுவார்கள். சில நாள் மெல்லிய தீயில், புகையில், சீட்டு காய்ந்து பழுப்பு நிறமாகும். அங்கே வெப்பம் சுமார் 50, 60 டிகிரி. அது சீட்டு தங்கும் இடம். மனிதர் தங்கும் இடம் அல்ல. வேலை முடிந்ததும் வெளியே வந்து விட வேண்டும்.

வேது பிடிக்க வைத்த பாட்டியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவர் வேலையைப் பார்க்கப் போய் விடவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "போதுமா கண்ணு?" என்று கேட்டுக் கொண்டே இருந்தார். பிள்ளை மூச்சு வாங்கினால் போர்வையை உடனே விலக்கினார். வெப்பத்தை நடத்தும் கலை முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கி இருக்கிறது.

பின்லாந்து சொல்லும் பாடம்

சவுனா என்ற சொல் பின்லாந்து மொழியிலிருந்து உலகுக்குப் போனது. மரப்பலகை அறை, அடுப்பின் மேல் கருங்கற்கள், 80 முதல் 100 டிகிரி வரை வறண்ட வெப்பம். அவ்வப்போது கல்லின் மேல் அகப்பையால் நீர் தெளித்தால் குப்பென்று ஆவி கிளம்பும். அந்த ஆவிக்கு அவர்கள் மொழியில் லொய்லு என்று பெயர். பழங்காலத்தில் அதே சொல்லுக்கு உயிர் என்றும் பொருள் இருந்ததாம். தமிழிலும் ஆவி என்றால் நீராவி. ஆவி என்றால் உயிர். எங்கோ பனிநாட்டில் இருப்பவர்களுக்கும் அதே எண்ணம் தோன்றியிருப்பது வியப்புத்தான்.

அங்கே மக்கள்தொகை ஏறக்குறைய 55 லட்சம். சவுனாக்களோ சுமார் 30 லட்சம். அந்நாட்டின் சவுனாப் பண்பாட்டை 2020-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. 1960-இல் சோவியத் தலைவர் குருஷ்சேவ் ஹெல்சிங்கி வந்தபோது, பின்லாந்து அதிபர் கெக்கொனென் அவரைச் சவுனாவுக்குள் அழைத்துப் போய்ப் பேசினார். கோட்டு சூட்டு இல்லாத இடத்தில் பெரியவர், சிறியவர் இல்லை. பட்டமும் பதவியும் கொக்கியில் மாட்டிய சட்டையோடு வெளியே நின்று விடும்.

உடம்புக்கும் நன்மை உண்டு என்கிறார்கள். கிழக்குப் பின்லாந்தில் 2,315 நடுவயது ஆண்களை ஏறக்குறைய 20 ஆண்டுகள் கவனித்த ஓர் ஆய்வு 2015-இல் வெளிவந்தது. வாரம் ஒருமுறை சவுனா போனவர்களைவிட, நான்கு முதல் ஏழு முறை போனவர்களிடையே திடீர் இதய மரணம் குறைவாக இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் குழந்தையிலிருந்தே சவுனாவில் வளர்ந்தவர்கள். நல்ல உடல்நிலை உள்ளவர்தான் அடிக்கடி போகிறார் என்ற காரணமும் அதில் கலந்திருக்கலாம். ஐம்பது வயதில் முதல்முறை நுழையும் நண்பருக்கு அந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது.

ஹெய்னோலாவில் நடந்தது

அதே பின்லாந்தில்தான் எல்லாரும் தெரிந்து கொள்ள வேண்டிய ஒரு துயரமும் நடந்தது. ஹெய்னோலா என்ற ஊரில் 1999 முதல் உலகச் சவுனாப் போட்டி நடத்தினார்கள். யார் கடைசி வரை உள்ளே உட்கார்ந்திருக்கிறாரோ அவரே வெற்றியாளர். அறையின் வெப்பம் 110 டிகிரி. 30 விநாடிக்கு ஒருமுறை கல்லின் மேல் அரை லிட்டர் நீர் ஊற்றுவார்கள்.

2010 ஆகஸ்டு 7. இறுதிச் சுற்றில் கடைசி வரை உள்ளே இருந்தவர்கள் இருவர். ஒருவர் முன்னாள் வெற்றியாளர், பின்லாந்தின் டிமோ கௌகொனென். மற்றவர் ரஷ்யாவின் விளாடிமிர் லடிஷென்ஸ்கி. சுமார் ஆறு நிமிடத்தில் இருவரையும் வெளியே இழுத்து வர வேண்டியதாயிற்று. கடும் தீக்காயங்களோடு கௌகொனென் பிழைத்தார். லடிஷென்ஸ்கி இறந்தார். அதன்பின் அந்தப் போட்டி நடக்கவே இல்லை.

பிரேதப் பரிசோதனையில் ஒரு செய்தி தெரிய வந்தது. இறந்தவர் கடுமையான வலி நிவாரணியும், தோலை மரத்துப் போகச் செய்யும் களிம்பும் பயன்படுத்தியிருந்தார். அதாவது, "வெளியே போ" என்று உடம்பு கத்தியிருக்கும். அந்தக் குரல் அவர் காதில் விழாதபடி முன்னமேயே அடைக்கப்பட்டு விட்டது.

தூங்கிப் போகும் காவல்காரன்

வலி எதிரி அல்ல. வலி ஒரு காவல்காரன். ஆபத்து வாசலுக்கு வரும்போதே குரல் கொடுப்பவன். ஹெய்னோலாவில் களிம்பு அவனைத் தூங்க வைத்தது. ஈப்போவில் கூடும் நண்பர்களுக்கு யார் களிம்பு பூசப் போகிறார்கள் என்று கேட்கலாம். களிம்பு தேவையில்லை. இங்கே காவல்காரனைத் தூங்க வைக்க வேறு மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, நீரிழிவு. சுகாதார அமைச்சின் 2023-ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. இந்தியர்களிடையே அந்த விகிதம் மற்ற இனத்தாரைவிட அதிகம். அதைவிடக் கவலை என்னவென்றால், நீரிழிவு உள்ளவர்களில் ஐவரில் இருவருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. ஏழு நண்பர்கள் குளக்கரையில் உட்கார்ந்தால் அதில் ஒருவருக்காவது இருக்கும் என்றே கொள்ள வேண்டும்.

பல ஆண்டு நீரிழிவால் பாதத்தின் நரம்புகள் மரத்துப் போகின்றன. சூடு தெரியாது. மற்றவர் காலை வெடுக்கென்று இழுத்துக் கொள்ளும் நீரில் இவர் நிம்மதியாகக் காலை விட்டுக் கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்து பார்த்தால் கொப்புளம். கொப்புளம் புண்ணாகும், ஆறாத புண் எங்கே கொண்டு போய் விடும் என்பதை இங்குள்ள குடும்பங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 60 டிகிரி நீர் ஐந்தே விநாடியில் தோலை ஆழமாகச் சுட்டு விடும். சுங்கை கிளா ஊற்றில் முட்டை அவித்துச் சாப்பிட்டவர்கள் உண்டு. முட்டை வேகும் நீரில் கால் வேகாதா?

இரண்டாவது, மது. "ரெண்டு டின் பீர் இல்லாம என்ன கூட்டம்?" என்று கேட்பவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். வெப்பத்தில் தோலுக்கடியில் உள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. இரத்த அழுத்தம் இறங்குகிறது. இதயம் வேகமாக ஓடுகிறது. மதுவும் அதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது கண் இருண்டு விழுவார். இதயத் துடிப்பும் தாறுமாறாகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, "போதும்" என்ற புத்தி மழுங்கி விடும். பின்லாந்திலேயே சவுனாவில் நேரும் மரணங்களில் பெரும்பங்கு மதுவோடு தொடர்புடையது.

மூன்றாவது, மானம். இதுதான் மிகவும் வலியது. "என்னடா, அஞ்சு நிமிஷத்துல ஓடுற? உங்கப்பா புகைக்கூடத்துல வேலை செஞ்சவரு!" என்று ஒரு கேலி. அவ்வளவுதான். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்து விடுவார். தலை சுற்றினாலும் சிரிப்பார். காவல்காரன் கத்துவது அவருக்குக் கேட்கிறது. ஆனால் நண்பர்களின் சிரிப்பு அதைவிடச் சத்தமாகக் கேட்கிறது. ஹெய்னோலாவில் அது போட்டி என்று பெயர் வைத்து நடந்தது. நண்பர் கூட்டத்தில் பெயர் வைக்காமலே அதே போட்டி நடக்கிறது.

புறப்படுவதற்கு முன்

ஆகவே ஈப்போக்காரர் என்ன செய்யலாம்? குளத்தை முன்பதிவு செய்வதற்கு முன்னால் ஆறு பேருக்கும் தனித்தனியாகப் போன் செய்யலாம். குழுவில் கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். தனியாகக் கேட்டால் சொல்வார்கள். "அண்ணே, பிரஷர் மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா? சுகர் எப்படி இருக்கு? ஹார்ட் பக்கம் ஒண்ணும் இல்லையே?" மூன்று கேள்வி போதும்.

அண்மையில் மாரடைப்பு வந்தவர், நெஞ்சுவலி அடங்காதவர், இதய வால்வு சுருக்கம் உள்ளவர் ஆகியோர் மருத்துவர் அனுமதி இல்லாமல் உள்ளே இறங்கவே கூடாது. இரத்த அழுத்த மாத்திரையும் சிறுநீர் மாத்திரையும் எடுப்பவர்களுக்கு மயக்கம் எளிதில் வரும். இன்சுலின் போடுபவருக்கு வெப்பத்தில் மருந்து வேகமாக இரத்தத்தில் கலந்து, சர்க்கரை திடீரென்று இறங்கி விடலாம். இவர்களும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே மருத்துவரைக் கேட்டுக் கொள்ள வேண்டும். காய்ச்சல் உள்ளவர் அன்றைக்கு வீட்டில் இருப்பதே நல்லது.

அதற்காக அவரை அழைக்காமல் விட வேண்டும் என்பதில்லை. குளக்கரையில் ஒரு நாற்காலி போட்டு, அவருக்குப் பிடித்த தேநீர் கொடுத்து, கதை சொல்ல வைக்கலாம். கூட்டத்துக்கு வருவது பழைய முகங்களைப் பார்க்கத்தானே?

வெறும் வயிற்றோடும் வேண்டாம். வயிறு முட்டச் சாப்பிட்டும் வேண்டாம். வாழை இலைச் சாப்பாட்டை இரவுக்கு வைத்துக் கொள்ளலாம். மதுவைப் பற்றி ஈப்போக்காரர் முதல் நாளே ஒரே வரியில் சொல்லி விடலாம்: "தண்ணியில இறங்குற வரைக்கும் தண்ணி கிடையாது." குளித்து முடித்த பிறகும் உடம்பு ஆறி, தாகம் தீரும்வரை அது வேண்டாம். வண்டி ஓட்டுபவருக்கு அன்றைக்கு அறவே கிடையாது.

உள்ளே இருக்கும்போது

வெப்பம் மூன்று வகையாக வரும். மூன்றையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

சவுனா வறண்ட வெப்பம். வியர்வை உடனுக்குடன் ஆவியாகி உடம்பைக் குளிர்விப்பதால்தான் 80 டிகிரியைத் தாங்க முடிகிறது. நீராவி அறையில் வெப்பம் 40, 50 டிகிரிதான். ஆனால் காற்றே ஈரம் என்பதால் வியர்வை ஆவியாகாது. எண் குறைவு என்று ஏமாந்து விடக் கூடாது. வெந்நீர்க் குளத்திலோ நீருக்குள் இருக்கும் உடம்பு வியர்த்தாலும் பயனில்லை. அதனால் 40 டிகிரிக்கு மேற்பட்ட குளத்தில் உட்காராமல் இருப்பது நல்லது. எந்தக் குளத்தில் எத்தனை டிகிரி என்று பணியாளரைக் கேட்டு விட்டே இறங்க வேண்டும்.

இறங்குமுன் பாதத்தால் சோதிக்கக் கூடாது, பாதம் மரத்திருக்கலாம். முழங்கையால் சோதிக்க வேண்டும். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் தாய் அப்படித்தான் செய்கிறாள். அதிலும் சுகர் உள்ளவருக்கு அவர் கை போதாது. சுகர் இல்லாத நண்பரின் கை வேண்டும்.

முதல்முறை வருபவருக்கு ஒரு சுற்றுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். பழகியவருக்குப் பதினைந்து. பிறகு வெளியே வந்து, உள்ளே இருந்த அளவு நேரமாவது ஆற வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும். இப்படி இரண்டு மூன்று சுற்று. சவுனாவில் மேல் பலகை சூடு அதிகம். புதியவர் கீழ்ப் பலகையில் உட்காரட்டும். கல்லின் மேல் நீர் ஊற்றுமுன் மற்றவரைக் கேட்க வேண்டும். எழும்போது சட்டென்று எழாமல், ஒரு நிமிடம் நிமிர்ந்து உட்கார்ந்து, பிறகு நிற்க வேண்டும். வழுக்கும் தரையில் விழுந்து தலையில் அடிபடுவது அந்த எழும் நேரத்தில்தான்.

சவுனாவுக்குள் தங்கச் சங்கிலி, மோதிரம், கைக்கடிகாரம் வேண்டாம். உலோகம் சூடேறித் தோலைச் சுடும். தாலியைக் கழற்ற மனம் ஒப்பாத மாதர்கள் சவுனாவை விட்டுக் குளத்தோடு நிறுத்திக் கொள்ளலாம். காட்டோர இயற்கை ஊற்றில் குளிப்பவர்கள் தலையை நீருக்குள் முக்காமல் இருப்பது நல்லது. வெதுவெதுப்பான தேங்கிய நீரில் மூக்கு வழியே மூளைக்குப் போகும் கிருமி அரிதாக உண்டு. வெந்நீர் பீறிடும் ஊற்றுக்கண் பக்கம் பிள்ளைகளைத் தனியே விடவே கூடாது.

காவடிக்குப் பக்கத்தில் நடப்பவர்

தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ கல்லுமலை ஆலயத்துக்குக் காவடிகள் போவதை ஈப்போ மக்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். காவடி எடுப்பவர் தனியாக நடப்பதில்லை. பக்கத்திலேயே ஒருவர் நடப்பார். அவர் ஆட மாட்டார். கூட்டத்தைப் பார்க்க மாட்டார். காவடிக்காரரின் முகத்தை மட்டுமே பார்த்துக் கொண்டிருப்பார். காலில் தண்ணீர் ஊற்றுவார். களைப்பு தெரிந்தால் முக்காலி போடுவார். அவரை யாரும் படம் எடுப்பதில்லை. ஆனால் அவர் இல்லாமல் காவடி மலை ஏறாது.

வெப்பக் கூட்டத்துக்கும் அப்படி ஒருவர் வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் வெளியே நிற்கட்டும். முறை வைத்து மாறிக் கொள்ளலாம். அவர் கையில் கடிகாரம். அவர் "நேரம் ஆச்சு" என்றால் எல்லாரும் எழ வேண்டும். மறுபேச்சு கிடையாது. உள்ளே யார் அதிகம் பேசினார், யார் திடீரென்று பேச்சை நிறுத்தினார் என்று அவர் கவனிப்பார். அதிகம் பேசும் நண்பர் மௌனமாகி விட்டால், அது ஞானம் அல்ல, அறிகுறி.

தலைவலி, குமட்டல், மயக்கம், படபடப்பு ஆகியவை முதல் எச்சரிக்கை. உடனே வெளியே கொண்டு வந்து, படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். பேச்சு குழறினாலோ, இடம் புரியாமல் உளறினாலோ, நினைவு தப்பினாலோ அது உயிராபத்து. 999-ஐ அழைத்து விட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் உடம்பெல்லாம் குளிர்ந்த நீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சுகர் உள்ளவர் நினைவோடு இருந்து, வியர்த்து நடுங்கினால் இனிப்புப் பானம் கொடுக்கலாம். அதனால் பையில் ஒரு பொட்டலம் சீனி இருக்கட்டும்.

கூச்சத்துக்கும் மதிப்புக் கொடுங்கள்

குடும்பத்தோடு போகும் கூட்டம் என்றால் இன்னொரு பொறுப்பும் சேரும். மாமனார் இருக்கும் குளத்தில் மருமகள் இறங்கத் தயங்குவாள். அது குறையல்ல, வளர்ந்த முறை. பெண்களுக்குத் தனி நேரம் அல்லது தனிக் குளம் ஒதுக்கினால் அவர்களும் மனம் விட்டுச் சிரித்துப் பேசுவார்கள். இல்லாவிட்டால் துண்டையும் தின்பண்டத்தையும் காவல் காக்கும் வேலைதான் அவர்களுக்கு மிஞ்சும். கைப்பேசியைப் பெட்டகத்தில் வைத்து விடுவதே நாகரிகம். ஈர உடையோடு இருக்கும் நண்பரைப் படம் பிடித்து வாட்சாப்பில் போடுவது வேடிக்கையும் அல்ல, நட்பும் அல்ல.

வீட்டிலேயே செய்யலாமா என்று கேட்பவர்களும் உண்டு. இப்போது கூடாரம் போன்ற நீராவிப் பெட்டிகள் விற்பனைக்கு வருகின்றன. அவற்றுக்குள்ளோ, மூடிய அறைக்குள்ளோ கரி அடுப்பு மூட்டவே கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கம் வருவதுபோல் வந்து உயிரை எடுத்து விடும். சவுனா அறை கட்டுபவர்கள் கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி, தாழ்ப்பாள் இல்லாதபடி அமைக்க வேண்டும். மயங்கிச் சாய்பவர் தோள் பட்டாலே கதவு திறக்க வேண்டும்.

கரையேறிய பிறகு

கூட்டத்தின் இனிமை கரையேறிய பிறகுதான் தொடங்குகிறது. உடம்பு லேசாகி, மனமும் லேசாகி இருக்கும் அந்த அரை மணி நேரம் பேச்சுக்கென்றே வாய்த்தது. முதலில் தண்ணீர், பிறகு நீர்மோர். வியர்வையில் போன உப்பும் நீரும் திரும்பி வரும். புந்தோங் கச்சாங் பூத்தே ஒரு பொட்டலம் பிரித்து வைத்தால் கை தானாகப் போகும். பிரஷர் உள்ளவர் கையை மட்டும் கொஞ்சம் தட்டி விடலாம்.

தம்புன் வந்து பம்ப்ளிமாஸ் சாப்பிடாமல் போவதா? தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் கொலஸ்ட்ரால் மாத்திரைகளில் சிலவும் பிரஷர் மாத்திரைகளில் சிலவும் இந்தப் பழத்தோடு ஒத்துப் போவதில்லை. மருந்தின் வேகத்தை அது கூட்டி விடும். மாத்திரை சாப்பிடுபவர்கள் மருந்தகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்ளட்டும்.

இப்போது அந்த ஏழு நண்பர்களிடம் திரும்புவோம். குளத்தில் ஆறு பேர்; கரையில் கடிகாரத்தோடு ஓய்வுபெற்ற ஆசிரியர். நான்கு நிமிடம் கூட ஆகவில்லை. லோரி ஓட்டும் நண்பர் மெல்ல எழுகிறார். வழக்கமாக இந்த இடத்தில்தான் கேலி பிறக்கும். ஆனால் ஈப்போக்காரர் முந்திக் கொள்கிறார். "வாண்ணே, நீங்கதான் முதல் ஆளு. உங்களுக்குத்தான் முதல் டம்ளர் மோர்" என்று கரையேறி, தன் கையாலேயே ஊற்றிக் கொடுக்கிறார். அதைப் பார்த்ததும் மூன்றாவது நண்பரும் எழுகிறார். அவருக்கும் தலை சுற்றிக் கொண்டுதான் இருந்தது. யாராவது முதலில் எழ மாட்டார்களா என்று காத்திருந்தார்.

கூட்டத்தை அழைப்பவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் எழுபவருக்கு முதல் மரியாதை என்று வைத்து விட்டால், அங்கே போட்டிக்கு இடமில்லை. தூங்கும் காவல்காரனும் இல்லை. தோட்டம் போய் விட்டது, லயமும் போய் விட்டது. மிச்சம் இருப்பது இந்த ஏழு பேர்தான். அடுத்த தீபாவளிக்கும் ஏழு பேராகவே அவர்கள் கூட வேண்டும்.

வேது பிடிக்க வைத்த பாட்டியின் கேள்வியை ஒவ்வொரு நண்பரும் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கட்டும்: "போதுமா கண்ணு?" போதும் என்று சொல்பவரை மதிக்கும் கூட்டமே நல்ல கூட்டம்.